நம் வாசல் கடலின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் சிங்கப்பூரின் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குத் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. படகு கிளம்பிப் பத்து நிமிடம் ஆவதற்குள் யாராவது தண்ணீரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். ஆழ்கடலும் கரையோரக் கடலும் தண்ணீரை எப்படி மாற்றிக்கொள்கின்றன என்பதில்தான் அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை போய் முடிகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூர்க் கடல் ஏன் நீலமாக இல்லை?

யீஷூனிலிருந்து வந்த ஒரு அத்தை கேட்டார்: "தம்பி, ராமேஸ்வரத்துல அப்படி நீலமா இருக்கு. இங்க ஏன் குளத்துத் தண்ணி மாதிரி இருக்கு?"

நம் கடல் ஆழம் குறைந்தது. நீரோட்டம் அடித்தரை வரைக்கும் எட்டி அங்கிருக்கும் வண்டலைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. நிலமீட்பும் தூர்வாருவதும் சேர்ந்து கலங்கலை இன்னும் கூட்டுகின்றன. தண்ணீரில் மண்ணும் நுண்ணுயிரும் மிதந்தால் பச்சையும் பழுப்பும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆழ்கடலில் மிதப்பவை குறைவு. ஒளி நெடுந்தூரம் உள்ளே போகிறது, சிவப்பெல்லாம் உறிஞ்சப்பட்டு நீலம் மட்டும் திரும்பி வருகிறது. ஒரு வகையில் நீலக் கடல் என்பது பசிக்கடல். அங்கே உணவு குறைவு என்பதைத்தான் அந்த நிறம் காட்டுகிறது. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அது உண்மை.

கண்டத்திட்டு என்றால் என்ன? ஆழ்கடல் நமக்கு எவ்வளவு தூரம்?

நிலம் கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. தண்ணீருக்கு அடியிலும் மெல்லிய சரிவாக நீண்டுகொண்டே போகும். அந்த நீட்சிதான் கண்டத்திட்டு. அதன் விளிம்பு பொதுவாக 100 முதல் 200 மீட்டர் ஆழத்தில் இருக்கும். விளிம்பைத் தாண்டினால் தரை சட்டென்று சரிந்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். சென்னைக்கு எதிரே அந்த விளிம்பு சில பத்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நம் நிலைமை வேறு. சிங்கப்பூர் உட்கார்ந்திருப்பது சுந்தா கண்டத்திட்டின் நடுவில். உலகின் மிகப் பரந்த கண்டத்திட்டுகளில் அதுவும் ஒன்று. தென்சீனக் கடல் பக்கம் போனாலும் சரி, மலாக்கா நீரிணை வழியாக அந்தமான் கடல் பக்கம் போனாலும் சரி, ஆழ்கடலைத் தொட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும்.

ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இப்போதிருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இந்தத் திட்டின் பெரும்பகுதி காய்ந்த நிலம். இங்கிருந்து சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் கால்நடையாகவே போயிருக்கலாம். இன்று கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் இடத்தில் அன்று காடு இருந்தது, ஆறுகள் ஓடின. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், அடியில் மரம் தெரிகிறதா என்று.

எல்லாம் ஒரே கடல்தானே? கரைத் தண்ணீரும் ஆழ்கடல் தண்ணீரும் தாமாகவே கலந்துவிடாதா?

அவ்வளவு லேசில் கலக்காது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கடலைப் பார்த்தால் வேலி எதுவும் தெரியாது. ஆனாலும் கண்டத்திட்டின் விளிம்பு கிட்டத்தட்ட ஒரு வேலிபோலவே வேலை செய்கிறது.

பூமி சுழல்வதுதான் காரணம். பூமியோடு சேர்ந்து கடல்நீரும் சுழல்கிறது. மேலிருந்து அடிவரை நிற்கும் ஒரு தண்ணீர்த் தூணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரத் தூண் 1,000 மீட்டர் ஆழத்துக்கு நகர வேண்டுமானால், அது நீண்டு மெலிய வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் நடனமணி விரித்த கைகளை மடக்கியதும் சுழற்சி வேகம் கூடுகிறதல்லவா? மெலியும் தண்ணீர்த் தூணுக்கும் அப்படித்தான், சுழற்சி கூடியாக வேண்டும். அதற்கு ஏதாவது ஒரு விசை வேண்டும். விசை எதுவும் இல்லாதபோது தண்ணீர் ஆழம் மாறாத பாதையையே பிடித்துக்கொண்டு, விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும். அதனால்தான் பெரிய நீரோட்டங்கள் பலவும் கரைக்கு இணையாக ஓடுகின்றன. கரையிலிருந்து நேரே ஆழ்கடலை நோக்கி ஓடுபவை அரிது.

ஆக, "தண்ணீர் ஏன் கலக்கவில்லை" என்று கேட்பதைவிட, "இத்தனை தடையையும் மீறி எப்படிக் கடக்கிறது" என்று கேட்பதுதான் சரி.

சரி, எப்படித்தான் கடக்கிறது?

முதலில் காற்று. 1893 முதல் 1895 வரை ஆர்க்டிக் பனியில் உறைந்த ஃப்ராம் கப்பலில் மிதந்துகொண்டிருந்த நார்வே ஆய்வாளர் நான்சன் ஒன்றைக் கவனித்தார். பனிக்கட்டிகள் காற்று போகும் திசையில் போகாமல், அதற்கு வலப்பக்கமாக விலகிப் போயின. அதற்கான கணக்கை ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் 1905இல் வெளியிட்டார். வடகோளத்தில் காற்று இழுக்கும் மேல்மட்ட நீர், மொத்தமாகப் பார்த்தால், காற்றுக்கு வலப்பக்கம் செங்குத்தாக நகர்கிறது என்பது அதன் சாரம்.

இதைச் சென்னை மெரினா கடற்கரையில் நின்று யோசித்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் காற்று தெற்கிலிருந்து கரையை ஒட்டி வீசுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் கடல். மேல்நீர் வலப்பக்கம், அதாவது கரையை விட்டு வெளியே போகிறது. காலியான இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இதற்கு மேலெழுச்சி என்று பெயர். கடலில் செத்து மூழ்கும் எல்லாமே அடியில்தான் மக்கி உரமாகிறது. அந்த உரம் வெளிச்சத்துக்கு வந்ததும் நுண்பாசி பெருகும், பாசியைத் தின்ன மீன் வரும். தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரைக்கு மத்தி கூட்டம் கூட்டமாக வருவதற்குப் பின்னால் இருப்பதும், பெரு நாட்டின் நெத்திலி வளத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே வேலைதான். உலகக் கடற்பரப்பில் மேலெழுச்சிப் பகுதிகள் சிறு துண்டுதான். அந்தச் சிறு துண்டு தரும் மீனோ ஏராளம்.

வடகிழக்குப் பருவத்தில் கணக்கு அப்படியே திரும்பிவிடும். மேல்நீர் மெரினா கரையில் வந்து குவிகிறது, குவிந்த நீர் அடிவழியாக வெளியேறுகிறது. அதுவும் பரிமாற்றம்தான்.

அடுத்து சுழல்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள நீர்ச்சுழல்கள் விளிம்பில் வந்து மோதும்போது, கண்டத்திட்டு நீரை நாக்கு நாக்காக வழித்து ஆழ்கடலுக்கு எடுத்துப் போகின்றன.

விளிம்பை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்குகளும் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்துக்கு மிக அருகிலேயே அப்படி ஒன்று தொடங்குகிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அங்கே திமிங்கிலங்களைப் பார்க்க முடிவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். வங்கதேசக் கரைக்கு எதிரே இருக்கும் பெரிய பள்ளத்தாக்கு, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் வண்டலை ஆழ்கடலுக்கு இறக்கிவிடும் சரிவுப்பாதை.

அப்புறம் உள்ளலைகள். வெதுவெதுப்பான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் சந்திக்கும் எல்லையிலும் அலை எழும். தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவிலுள்ள லூசோன் நீரிணையில் ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி இறங்கும் ஓட்டம், அடித்தரை மலைமுகடுகளைத் தாண்டும்போது, 200 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள உள்ளலைகள் உருவாகின்றன. மேலே படகில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சலசலப்பான ஒரு பட்டை கடந்து போகும், அவ்வளவுதான். அந்த அலைகள் தென்சீனக் கடலைக் கடந்து சீனக் கண்டத்திட்டில் ஏறி உடையும்போது, குளிர்ந்த ஆழ்நீரை ஆழமற்ற இடங்களுக்குத் தூக்கிக் கொடுக்கின்றன. அந்தமான் கடலிலும் இப்படிப்பட்ட அலைகள் உண்டு.

குளிர்ப்பகுதிகளில் இன்னொரு வழியும் இருக்கிறது. குளிர்காலத்தில் கரையோர நீர் குளிர்ந்து கனமாகி, சரிவில் அருவிபோல இறங்கிவிடும். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காற்றுக்கு வலப்பக்கம் போகும் என்ற விதி சிங்கப்பூருக்கும் பொருந்துமா?

மிகக் கொஞ்சம்தான். பூமிச் சுழற்சியின் இந்த விளைவு நிலநடுக்கோட்டில் இல்லவே இல்லை. அதை விட்டு விலகிப் போகப்போகத்தான் கூடுகிறது. நாம் இருப்பது 1.3 பாகையில். தள்ளிவிட்டபின் தடையின்றி நகரும் நீர் ஒரு முழு வட்டம் போட, சென்னையின் அட்சரேகையில் இரண்டே கால் நாள் ஆகும். நம் அட்சரேகையில் ஏறக்குறைய 22 நாள். அதற்குள் ஓதம் நாற்பது தடவைக்கு மேல் ஏறி இறங்கிவிடும். அதனால் இங்கே பெரும்பாலும் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்கிறது. பருவக்காற்று ஒரு பக்கத்தில் நீரைக் குவித்துக் கடல்மட்டத்தை உயர்த்துகிறது, அங்கிருந்து தாழ்ந்த பக்கம் நோக்கி நீரிணை வழியாக ஓட்டம் நடக்கிறது.

பருவக்காற்று மாறும்போது நம் நீரிணையில் என்ன நடக்கிறது?

நீரோட்டமே திசை மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவத்தில், அதாவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, தென்சீனக் கடல் நீர் வியட்னாம் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, சுந்தா திட்டில் ஏறி, பெரும்பகுதி போர்னியோவுக்கு மேற்கே உள்ள கரிமாத்தா நீரிணை வழியாக ஜாவா கடலுக்குப் போகிறது. ஒரு கிளை சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழைந்து மேற்கே மலாக்கா நீரிணையை நோக்கிப் போகிறது. அந்த நீரின் ஒரு பங்கு லூசோன் நீரிணை வழியாகப் பசிபிக்கிலிருந்து வந்தது. டிசம்பர் மாதம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கால் நனைக்கும்போது, வெகுதூரப் பயணம் செய்து வந்த நீரும் அதில் கலந்திருக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, எல்லாம் தலைகீழ். ஜாவா கடல் நீர் வடக்கே ஏறுகிறது, நம் நீரிணையில் ஓட்டம் கிழக்கே திரும்புகிறது. இப்போது வருவது சுமத்ரா ஆறுகளின் நன்னீர் கலந்த கடல். உப்பை அளந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 33 கிராம் இருக்கும் உப்பு, தென்மேற்குப் பருவத்தில் 30 கிராம் பக்கமாக இறங்கிவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்தேன். சாக்கடை கலக்கிறதா?

இல்லை. அது சுமத்ராவின் சதுப்புக் காடுகளிலிருந்து வருகிறது. அங்கே மரமும் இலையும் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீட்டர் கணக்கில் படிந்து கிடக்கின்றன. மழைநீர் அதன் வழியாக இறங்கும்போது, தேயிலை கொதிநீரில் இறங்குவதுபோல நிறம் இறங்குகிறது. சியாக், கம்பார் போன்ற ஆறுகள் அந்த நீரைக் கடலில் சேர்க்கின்றன. ஆற்றுக்குள் பார்த்தால் பால் கலக்காத அசல் தே ஓ. நம்மிடம் வந்து சேர்வதற்குள் கடல்நீரில் கரைந்து வெளிறிவிடும்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நீரை நம் தெற்குத் தீவுகளுக்கருகே ஆண்டுக்கணக்கில் அளந்து வருகிறார்கள். சதுப்பிலிருந்து கரைந்து வரும் கரிமத்தின் பெரும்பகுதி ஆழ்கடலை எட்டுவதே இல்லை. கண்டத்திட்டிலேயே சிதைந்து கரியமில வாயுவாகி, தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. திட்டு இவ்வளவு அகலமாக இருப்பதும், நீர் இங்கே நெடுநாள் தங்குவதும் இதற்குக் காரணம். குறுகிய திட்டுள்ள கரையாக இருந்தால் அதே கரிமம் சிதைவதற்கு முன்பே ஆழ்கடலுக்குள் போயிருக்கும். சதுப்புக் காடுகளில் வாய்க்கால் வெட்டிக் காயவைப்பது புகைமூட்டத்துக்கு மட்டும் காரணமில்லை. நம் பவளப்பாறைக்கு மேல் நிற்கும் தண்ணீரையும் அது தொடுகிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது.

ஓதம் தினமும் இத்தனை வேகமாக ஓடுகிறதே, அதுவே தண்ணீரை மாற்றிவிடாதா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். செயின்ட் ஜான்ஸ் படகுத்துறைத் தூணருகே நின்று கீழே பாருங்கள். ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது தூணுக்குப் பின்னால் தண்ணீர் குழிந்து சுழலும். ஒரு இலையைப் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். ஆனால் அந்த இலை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓதநீரின் உச்ச வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரம் ஒரே திசையில் போனால் நீர் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நகரும். அடுத்த ஆறு மணி நேரம் அதே 14 கிலோமீட்டர் பின்னால் வரும். ஊஞ்சல் வேகமாகத்தான் ஆடுகிறது, ஆனால் ஊர் போய்ச் சேர்வதில்லை. பருவக்காற்று தரும் மெல்லிய ஓட்டம் விநாடிக்கு 20 சென்டிமீட்டர்தான் என்று வைத்தாலும், அது விடாமல் ஒரே பக்கம் போகிறது. நாளுக்கு 17 கிலோமீட்டர். 105 கிலோமீட்டர் நீளமுள்ள சிங்கப்பூர் நீரிணையை ஆறே நாளில் கடந்துவிடும்.

ஓதத்துக்கு வேறு வேலை இருக்கிறது. தீவுகளையும் முனைகளையும் சுற்றும்போது மேலும் கீழும் கலக்கிவிடுகிறது. அதனால்தான் நம் கடலில் மேல்நீர், அடிநீர் என்ற பிரிவே பெரும்பாலும் இல்லை.

தண்ணீர் மாறாமல் தேங்கினால் என்ன ஆகும்?

ஜொகூர் நீரிணையைப் பார்த்தால் தெரியும். சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூரையும் இணைத்து 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட தரைப்பாலம் கல்லும் மண்ணும் போட்டு எழுப்பியது. ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளம். அதற்கு முன்பு மேற்கிலிருந்து கிழக்கே ஓடிய நீரிணை, அன்றிலிருந்து முட்டுச்சந்து இரண்டாகிவிட்டது. ஓதம் உள்ளே வரும், திரும்பிப் போகும். பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீர் அசைந்துகொண்டே இருக்குமே தவிர, சீக்கிரம் வெளியே போகாது.

இரு கரையிலிருந்தும் வரும் சத்துப்பொருள் அங்கே சேர்கிறது. வெயிலும் ஓதம் தளர்ந்த நாட்களும் சேர்ந்து வந்தால் நுண்பாசி வெடித்துப் பெருகும். 2015 பிப்ரவரி கடைசியில் அப்படி நடந்தபோது, கடல் மீன்பண்ணைகளில் 500 டன்னுக்கும் மேல் மீன்கள் செத்தன. வளர்த்த மீனெல்லாம் ஒரே இரவில் வெள்ளை வயிறு தெரிய மிதந்ததைப் பார்த்தவர்களிடம் இதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வராது. தண்ணீர் மாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

2024 எண்ணெய்க் கசிவு ஏன் அவ்வளவு சீக்கிரம் பரவியது?

ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் இரு கலங்கள் மோதி, ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கொட்டியது. அடுத்தடுத்த நாட்களில் செந்தோசா, லாப்ரடோர், தெற்குத் தீவுகள், ஈஸ்ட் கோஸ்ட் என்று கரைகள் கறுத்தன. மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு முழு வேகத்தில் போகும். காற்றும் தன் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு அதைத் தள்ளும். ஓத ஊஞ்சல் அதை முன்னும் பின்னும் தேய்த்துக் கரை முழுக்கப் பூசியது. தென்மேற்குப் பருவத்தின் ஓட்டம் கிழக்கே நகர்த்தியது. மாதம் டிசம்பராக இருந்திருந்தால் வேறு கரைகள் பாதிக்கப்பட்டிருக்கும்.

குப்பையைக் கடலில் போட்டால் ஆழ்கடலுக்குப் போய்விடும் அல்லவா?

போகாது. ஆழ்கடல் எவ்வளவு தூரம் என்று மேலே பார்த்தோம். மிதப்பது எதுவோ, அது இந்தத் திட்டுக்குள்ளேயே சுற்றி ஏதோ ஒரு கரையில் ஏறும். தென்மேற்குப் பருவத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் காலையில் நடப்பவர்களுக்கு இது தெரியும்.

இதற்கும் பவளத்துக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் நம் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. இளஞ்சிவப்பு மணிகள் கீழிருந்து மேலே மிதந்து வருவதை ஒருமுறை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஜவ்வரிசியைத் தலைகீழாகக் கொட்டியதுபோல இருந்தது. அவற்றிலிருந்து உருவாகும் பவளக் குஞ்சுகள் சில நாட்கள் மிதந்துவிட்டுத்தான் தரையில் ஒட்டும். அந்தச் சில நாட்களில் நீரோட்டம் அவற்றை எங்கே சேர்க்கிறதோ, அங்கேதான் அடுத்த தலைமுறை. சிஸ்டர்ஸ் தீவுகளை 2014இல் கடல் பூங்காவாக அறிவித்ததன் பலன் அந்த எல்லைக்குள் மட்டும் நிற்காமல் பக்கத்துப் பாறைகளுக்கும் போவது இப்படித்தான்.

அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைத்தோம். அது எங்கே போயிருக்கும்?

படகில் இதை என்னிடம் கேட்டவர் கடலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நாம் அஸ்தி கரைக்கும் இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டரில், திறந்த நீரிணையில் இருக்கிறது. கனமான துகள்கள் அருகிலேயே அடியில் படிந்துவிடும். கரைந்தது தண்ணீரோடு போகும். எந்த மாதம் என்று கேட்டேன். "தை மாசம்" என்றார்.

தை என்றால் வடகிழக்குப் பருவம். முதலில் ஓதம் சில நாட்கள் முன்னும் பின்னும் ஆட்டியிருக்கும். அதற்குள் மெல்லிய ஓட்டம் மேற்கே இழுத்திருக்கும். ஒரு பங்கு மலாக்கா நீரிணையில் ஏறி, பினாங்கைக் கடந்து, அந்தமான் கடலில் கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டியிருக்கலாம். அங்கே ஆழ்கடல் தொடங்குகிறது. அதற்கப்புறம் வங்கக் கடல். அந்தப் பருவத்தில் வங்கக் கடலிலிருந்து ஒரு நீரோட்டம் இலங்கைக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் போகிறது.

"அப்பாவுக்கு ஊரு நாகப்பட்டினம்" என்றார். "அந்தப் பக்கமாத்தான் போகுதுங்கண்ணே" என்று சொன்னேன்.